இத்தாக் காலத்துப் பறவைக் கொப்பி

மாம்புரி
21.10.2012, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் ஹிஸ்புல்லாவுக்கு உம்மா முனவ்வரா சொல்லும் ஸலாம். அல்லாஹ் உன் உடம்பையும் உன் வேலையையும் உன் கோபத்தையும் நல்லபடி பார்த்துக்கொள்ளட்டும். கோபத்தையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். இப்போது உன்னிடம் ஆகத் திடமாக இருப்பது அதுதான் என்று தெரிகிறது.

இன்றோடு ஏழு நாளாக நீ என் போனை எடுக்கவில்லை. மணி போகிறது, போய் நின்றுவிடுகிறது. தங்கச்சி நிஃப்லா எடுத்தால் ஒரு வார்த்தை கதைக்கிறாய், நான் வாங்கினால் வெட்டிவிடுகிறாய். நல்லவேளையாகக் கண்டக்குழி றிஸ்மினின் லீவு முடிந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை அவன் கட்டார் திரும்புகிறான். உன் கேம்புக்கு அடுத்த கேம்ப்தானாம். இந்தக் கடிதத்தையும் கருவாட்டுப் பார்சலையும் உன் கையிலேயே கொடுப்பதாக என்னிடம் வாக்குத் தந்திருக்கிறான். போனை வெட்டலாம். கடிதத்தை வாசித்து முடித்துத்தான் கிழிக்க வேண்டும். முடிவு வரை வாசி மகன். கடைசியில் உனக்கு ஒரு செய்தி இருக்கிறது, அது என்னுடைய செய்தி அல்ல.

வாப்பாவோடு கூடப்பிறந்த ஸக்கியா மாமி உனக்கு என்ன சொன்னா என்று எனக்குத் தெரியும். உங்கள் உம்மா இத்தாவை முறித்துக்கொண்டு சரணாலயத்துக்குப் போனா, ஆம்பிளைகளோடு நின்றா, படத்துக்குச் சிரித்தா. படத்தை நீயே பேஸ்புக்கில் பார்த்தாய். போன ஞாயிறு நீ என்னிடம் சொன்னதை ஒரு எழுத்துக் குறையாமல் எழுதுகிறேன். "வாப்பாட கபுறு இன்னும் காயல்ல, அதுக்குள்ள நீங்க படத்துக்கு நின்டு சிரிக்கிறீங்க. இனி எனக்கு கோல் எடுக்காதீங்க." அப்படிச் சொல்லி வைத்துவிட்டாய். எனக்குப் பதில் சொல்ல இடம் தரவில்லை. அந்தப் பதில்தான் இது. நீ ஒரு மூச்சில் சொன்னதற்கு எனக்கு இவ்வளவு கடதாசி தேவைப்படுகிறது.

சரணாலயத்தை நீ பார்த்ததில்லை. நீ போன பிறகுதான் பலகை நட்டார்கள். நமது குசினி ஜன்னலுக்கு நேரே கண்டல் காடும் அதற்கு அப்பால் சேற்றுத் திடலும் இருக்கிறதே, அவ்வளவும் இப்போது சரணாலயம். வலை போடக்கூடாது, விறகு வெட்டக்கூடாது. ஊரில் முதல் வருடம் முழுவதும் ஒரே சண்டை. வாப்பா மட்டும், பறவைகளும் என்னைக் கேட்டு வரவில்லை, வேலியும் என்னைக் கேட்டு வரவில்லை, எனக்கு இரண்டோடும் கோபமில்லை என்று சொல்லிவிட்டு வள்ளத்தைத் தள்ளி அந்தப் பக்கம் போட்டுக்கொண்டார். வாப்பாவோடு ஒரே வள்ளத்தில் போன நூர்தீன் சாச்சாவுக்கு அங்கேயே வள்ளக்காரன் வேலை கிடைத்தது. ஒரு பார்வைக் கோபுரமும் கட்டியிருக்கிறார்கள். நமது தென்னையை விட உயரம் குறைவு.

வாப்பா மௌத்தான பிறகு நான் கைம்பெண்ணுக்குரிய இத்தாவில், வெள்ளை உடுத்து வெளியே இறங்காமல் வீட்டுக்குள் இருந்தேன். முதல் நாற்பது நாள் எனக்குக் குறையொன்றும் தெரியவில்லை. பெண்கள் வந்தார்கள், ஓதினார்கள், அழுதார்கள், சாப்பிட்டார்கள், தங்கள் வீட்டுக் கதைகளைச் சொன்னார்கள். நாற்பது கத்தம் முடிந்த மறுநாள் ஒருவரும் வரவில்லை. அவரவருக்குச் சோறு கறி இருக்கிறது, பிழை சொல்ல முடியாது. நிஃப்லா பள்ளிக்கூடம் போனதும் நானும் குசினி ஜன்னலும்தான். ஓதுவேன், தஸ்பீஹ் எடுத்து திக்ரு செய்வேன், ஜன்னலால் பார்ப்பேன். ஒருநாள் விரல் மணியைத் தள்ள, கண் திடலில் நின்ற கொக்குகளை ஒவ்வொன்றாகப் பார்க்க, மணி முடியும்போது கொக்கும் முடிந்துவிட்டது. முப்பத்துமூன்று. அன்றைக்கே நிஃப்லாவின் பழைய கணக்குக் கொப்பி ஒன்றை எடுத்து எழுதிவைத்தேன். பிறகு அது பழக்கமாகிவிட்டது. பாவமா என்று கேட்பாய். ஒவ்வொரு மணிக்கும் ஸுப்ஹானல்லாஹ் என்று சொல்லித்தான் தள்ளினேன். பறவையைப் பார்த்து அதைச் சொல்லாமல் வேறு எதைப் பார்த்துச் சொல்வது?

ஆகஸ்ட் மாதம் விறகு பற்றி வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு பரீனா வந்தா. சரணாலயக் காரியாலயத்தில் வேலை செய்கிற பிள்ளை. தாய் தகப்பன் தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து வந்தவர்கள், இவ பிறந்தது புத்தளம் முகாமில். வெளியூர்ப் பிள்ளை என்றாலும் ஸலாம் சொல்லி உள்ளே வந்து பாயில் இருந்து வாப்பாவுக்கு ஒரு யாஸீன் ஓதிவிட்டுத்தான் விறகுக் கதையை எடுத்தா. போகும்போது ஜன்னலில் கிடந்த கொப்பியைப் பார்த்தா. ஒரு பக்கத்தைப் புரட்டி, இதென்ன எல்லாக் கணக்கும் முப்பத்துமூன்று, அறுபத்தாறு, தொண்ணூற்றொன்பது என்று வருகிறது என்று கேட்டா. நான் தஸ்பீஹைக் காட்டினேன். அந்தப் பிள்ளை சிரித்த சிரிப்பில் கண்ணால் தண்ணீர் வந்துவிட்டது. பிறகு சத்தமில்லாமல் கொப்பியை முதலிலிருந்து வாசித்தா. காரியாலயத்து ஆட்கள் மாதம் இரண்டு தரம் மட்டும்தான் எண்ணுகிறார்களாம். ஒரே இடத்திலிருந்து ஒரே ஜன்னலால் தினமும் எண்ணியவர்கள் இந்தக் களப்பில் ஒருவரும் இல்லையாம். இல்லாமல்தான் இருக்கும் மகன். நான்கு மாதமும் பத்து நாளும் ஒரே ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்க வேறு யாருக்கு விதி?

இந்த ஒக்டோபர் மாதம் அவர்கள் 'குடும்ப சனிக்கிழமை' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். சோளகக் காற்று ஓய்ந்து வடக்கே இருந்து பறவைகள் வந்து இறங்கும் காலம் என்பதால், நான்கு சனிக்கிழமையும் ஊர்க் குடும்பங்களைப் பிள்ளை குட்டியோடு கூப்பிட்டுக் காட்டுவதாம். ஊரோடு இருக்கும் மனஸ்தாபம் தீரட்டும் என்பதும் உள்ளே இருக்கிற எண்ணம். முதல் சனி கண்டல் நடுவது, இரண்டாவது பறவை எண்ணுவது, மூன்றாவது வள்ளத்தில் களப்பைச் சுற்றுவது, நான்காவது பிள்ளைகளின் சித்திரப் போட்டி. கொழும்பில் இருந்து திட்டம் போட்ட பெரிய மாத்தயா நான்காவது சனியை இருபத்தேழாம் திகதிக்கு வைத்துவிட்டார். அது ஹஜ்ஜுப் பெருநாள். பெருநாளன்று ஊரில் ஒரு பூனைகூட உங்களிடம் வராது ஸேர் என்று பரீனா சிங்களத்தில் எடுத்துச் சொல்லித்தான் அடுத்த வாரத்துக்கு மாற்றினார்கள்.

முதல் சனிக்கிழமை நான் இத்தாவில். ஜன்னலால் பார்த்தேன். நிஃப்லாவைக் கூட்டிக்கொண்டு போனது யார் தெரியுமா? ஸக்கியா மாமிதான். பகல் சோற்றுப் பார்சல் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனா. நான் குற்றமாகச் சொல்லவில்லை, எனக்கும் ஒரு பார்சல் கொண்டுவந்து தந்தா. ஆனால் கண்டல் காய் முருங்கைக்காய் மாதிரி நீளமாக இருக்குமே, அதன் கூரான பக்கத்தைச் சேற்றில் குத்த வேண்டும். மாமி முழங்காலளவு சேற்றில் நின்று ஒரு வரிசை முழுவதையும் தலைகீழாகக் குத்திவிட்டு வந்தா. பின்னேரம் நூர்தீன் சாச்சா ஒவ்வொன்றாகப் பிடுங்கித் திருப்பி நட்டதையும் நான் ஜன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன். இதை மாமியிடம் சொல்லிவிடாதே.

இனி அந்த இரண்டாவது சனிக்கிழமைக்கு வருகிறேன். அன்றைக்குப் பரீனாவுக்கு ஒரு பிரச்சினை இருந்தது. பறவை காட்டுகிற ஆட்கள் எல்லாரும் ஆண்கள். பெண்கள் வந்தாலும் பின்னால் ஒதுங்கி நின்றுவிட்டுப் போய்விடுவார்கள், ஒரு கேள்வியும் கேட்க மாட்டார்கள். பெண்களுக்கு நீங்கள் காட்டுங்கள் என்று என்னைக் கேட்டா. எனக்கு ஞாயிற்றுக்கிழமைதான் இத்தா முடிகிறது, கொப்பியைத் தருகிறேன், நீங்களே சொல்லுங்கள் என்றேன். சரியென்று, ஒவ்வொரு நாளின் எண்ணிக்கையையும் திகதி போட்டு ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னா. புதன்கிழமை உட்கார்ந்து எழுதினேன். பள்ளிவாசல் கலண்டரைப் பார்த்து இங்கிலீஷ் திகதியையும் பிறையையும் பக்கத்துப் பக்கத்தில் போட்டேன். போட்டுக்கொண்டு வரும்போது கை நின்றுவிட்டது.

வாப்பா மௌத்தானது ஜூன் நான்காம் திகதி, பொசன் போயா பௌர்ணமி அன்று. பிறை, றஜப் பதினான்கு. இத்தாவுக்கு நான்கு மாதம் பத்து நாள் என்று அல்லாஹ் சொன்னது பிறை மாதத்தில். றஜப் பதினான்கில் இருந்து நான்கு மாதம், துல்கஃதா பதினான்கு. அதோடு பத்து நாள். அது ஒக்டோபர் பதினொன்று, வியாழக்கிழமை. நாமெல்லாரும் ஜூன், ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் என்று எண்ணி ஞாயிற்றுக்கிழமை பதினான்காம் திகதியில் வட்டம் போட்டு வைத்திருந்தோம்.

அந்த வட்டத்தைப் போடச் சொன்னது நீதான் மகன். வாப்பாவை அடக்கி இரண்டாம் நாள் போனில் கேட்டாய், உம்மாவின் இத்தா எப்போது முடியும் என்று. நான் அழுதுகொண்டிருந்தேன், எனக்கு எண்ண வரவில்லை. நீயே உன் போனில் பார்த்து எண்ணிச் சொன்னாய். மாமி கலண்டரில் வட்டம் போட்டா. உன்மேல் பிழை பிடிக்க இதை எழுதவில்லை. கம்பனி உன் பாஸ்போட்டைத் தர மூன்று நாள் எடுத்தது, அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வாப்பாவுக்காக உன்னால் செய்ய முடிந்த ஒரே காரியம் அந்த நாளை எண்ணியதுதான். அதனால்தான் அதை யாரும் தொடக்கூடாது என்று நிற்கிறாய் என்று நான் நினைக்கிறேன். பிழையாக இருந்தால் மன்னித்துக்கொள். நான் உன்னைப் பெற்றவள், கொஞ்சம் தெரியும்.

நான் என் பாட்டுக்கு முடிவெடுக்கவில்லை. கணக்கை ஒரு துண்டில் எழுதி நிஃப்லாவிடம் கொடுத்து பள்ளிவாசல் ஹஸ்ரத்துக்கு அனுப்பினேன். அவர் அந்தத் துண்டின் கீழேயே 'கணக்குச் சரி. பிறைதான் கணக்கு. வியாழன் மஃரிபோடு முடிகிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார். அந்தத் துண்டை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன், பார். மாமியிடமும் காட்டினேன். மாமி வாசித்துவிட்டு, சட்டம் சரிதான் மச்சி, ஆனால் ஊருக்குச் சொன்னது ஞாயிறு, இத்தா முடிப்புக்கு ஆட்களைக் கூப்பிட்டதும் ஞாயிறு, நடுவில் நீங்கள் வெளியே இறங்கினால் வாய்களை யார் மூடுவது என்று கேட்டா. மாமி கெட்டவ இல்லை. ஊரின் வாய்க்குப் பயந்தவ. நானும் முந்தி அப்படித்தான் இருந்தேன். நான்கு மாதம் ஒருவர் வாயும் என் வீட்டுப் பக்கம் வராமல் இருந்துபார்த்ததில் அந்தப் பயம் எனக்குக் கொஞ்சம் குறைந்துவிட்டது. சனிக்கிழமை காலை குளித்து, மண்ணிற அபாயாவை உடுத்து, நிஃப்லாவின் கையைப் பிடித்துக்கொண்டு போனேன்.

படத்துக்கு நின்று சிரித்தேன் என்று சொன்னாயே, ஏன் சிரித்தேன் என்பதையும் சொல்கிறேன். ஆண்களை இரண்டு குழுவாகப் பிரித்துக் கோபுரத்தில் ஏற்றினார்கள். பெண்களுக்குக் கீழே ஓலைக் கொட்டிலில் இடம். பரீனா பத்துப் பத்தாக எண்ணச் சொல்லிக் கொடுத்தா. பெண்களுக்கு அது சரிவரவில்லை. ஒருத்தி பிள்ளையைப் பார்ப்பா, ஒருத்தி கதைப்பா, எண்ணிக்கை தவறிவிடும். நான் சொன்னேன், எல்லாரும் திக்ரு செய்கிற மாதிரி விரல் மடக்கில் எண்ணுங்கள், முப்பத்துமூன்று வந்ததும் ஒரு சிப்பியை முன்னால் வையுங்கள் என்று. அவ்வளவுதான், சபை அடங்கிவிட்டது. பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே, சோற்றைக் கிளறிக்கொண்டே முப்பத்துமூன்று எண்ணிப் பழகிய விரல்கள். கண்டக்குழியில் இருந்து வந்த பாக்கியம்மா மட்டும், நான் வேதக்காரி, எனக்கு உங்கள் முப்பத்துமூன்று வராது என்று சொல்லிவிட்டுத் தன்னுடைய செபமாலையை எடுத்துப் பத்துப் பத்தாகத் தள்ளினா.

திடலில் நின்றது பூநாரைக் கூட்டம். நாங்கள் எண்ணி முடித்தபோது பன்னிரண்டு சிப்பியும் பத்தொன்பதும். நானூற்றுப் பதினைந்து. பாக்கியம்மாவுக்கு நானூற்றுப் பதினேழு. மேலே ஆண்களின் ஒரு குழுவுக்கு முந்நூறு, மற்றக் குழுவுக்கு அறுநூறுக்கு மேல். இரண்டு குழுவும் கோபுரத்தில் நின்று, எங்கள் பக்கத்துப் பறவையை நீங்கள் எண்ணிவிட்டீர்கள் என்று வலைச் சண்டை போடுவது போலச் சண்டை. பெரிய மாத்தயா மேலே இருந்து இறங்கி வந்து எங்கள் கணக்கை எடுத்து எழுதினார். அந்த இரண்டு எண்ணிக்கை ஏன் கூட என்று நாங்கள் பாக்கியம்மாவைக் கேட்டோம். அவ யோசித்துப் பார்த்துவிட்டு, நடுவில் நின்ற இரண்டு கொக்கையும் பாவம் பார்த்துச் சேர்த்துவிட்டேன் என்றா. அந்த நேரத்தில்தான் படம் எடுத்தார்கள். ஓம் மகன், சிரித்தேன். பொசன் போயாவுக்குப் பிறகு அன்றுதான் முதல் முறை சிரித்தேன். அதற்கு நான் வெட்கப்படப் போவதில்லை.

ஆனால் ஒரு பிழை செய்தேன். மாமிக்குத் தெரியாது, ஊருக்குத் தெரியாது, நிஃப்லாவுக்கும் தெரியாது. செய்யாத பிழைக்கு நீ என்னோடு கோபித்துக்கொண்டு இருக்கும்போது செய்த பிழையை ஒளிப்பது சரியில்லை. செப்டம்பர் மாதம் ஒருநாள் லுஹருக்கு முன்னால் வானத்தை மூடிக்கொண்டு உள்ளான் கூட்டம் இறங்கியது. கண்டல் மறைத்ததால் ஜன்னலால் எண்ண முடியவில்லை. வெள்ளை உடுப்போடு வேலியைத் தாண்டி இறங்கிவிட்டேன். எண்ணுவதற்குத்தான் போனேன். பாதி வழியில் வாப்பாவின் வள்ளம் கவிழ்த்து வைத்தபடி கிடந்தது. அதைத் தாண்டிப் போக முடியவில்லை. அதன்மேல் கையை வைத்ததும் அழுகை வந்தது. மௌத்து வீட்டில் நூறு பேருக்கு நடுவில் வராத அழுகை அது. வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு ஒரு தேத்தண்ணி போடுகிற நேரம் நின்று அழுதேன். பிறகு வீட்டுக்குள் வந்துவிட்டேன். அன்றைய பக்கத்தில் எண்ணிக்கை இல்லை, கொப்பியைப் பார்த்தால் தெரியும். அல்லாஹ்விடம் தௌபா கேட்டிருக்கிறேன், இன்னும் கேட்கிறேன். உனக்குக் கோபிக்க வேண்டுமென்றால் அந்த நாளுக்காகக் கோபித்துக்கொள், ஏற்றுக்கொள்கிறேன்.

நேற்றும் போனேன். வள்ளத்தில் களப்பைச் சுற்றும் நாள். பெண்களுக்குத் தனி வள்ளம், நான் வள்ளத்தின் முன்பக்கத்தில் இருந்து காட்டினேன். ஒவ்வொரு பறவையையும் காட்டும்போது இது கறிக்கு நல்லமா என்றுதான் முதல் கேள்வி வருகிறது. முந்தி சாப்பிட்டதைச் சாப்பிடவில்லை என்று நானும் பொய் சொல்லவில்லை. உள்ளான் கறி ருசிதான், ஆனால் அது பனி விழும் நாட்டில் இருந்து நம்மிடம் பறந்து வருகிற விருந்தாளி, விருந்தாளியைச் சட்டியில் போடுகிற வழக்கம் நமக்கில்லை என்றேன். கிழவிகள் இரண்டு பேர் தலையாட்டினார்கள். ஒருத்தி மட்டும் விருந்தாளி திரும்பிப் போகும்போது கேட்டுப் பார்க்கலாமே என்றா.

ஏப்ரல் வரைக்கும் வாரம் மூன்று நாள் பெண்களுக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் காட்ட வரச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். நான் ஓம் என்று சொல்லிவிட்டேன். உன்னிடம் கேட்காமல் சொன்னேன், அதையும் மறைக்கவில்லை. வீட்டிலிருந்து இருநூறு அடி தூரம், பெண்கள் கூட்டம், கூடவே பரீனா. நீ அனுப்புவது போதாது என்பதற்காகப் போகவில்லை. காலையில் எழும்பியதும் எனக்கு ஒரு வேலை இருக்கிறது என்று தெரிந்தால் படுக்கையை விட்டு எழும்ப முடிகிறது. அவ்வளவுதான் காரணம். உன் அனுமதியை நான் கேட்கவில்லை, உன் துஆவைக் கேட்கிறேன்.

இனி அந்தச் செய்தி. இதைச் சொல்லத்தான் போன ஞாயிறு நானே உனக்கு முதலில் போன் எடுத்தேன். நான் வாய் திறக்க முதல் நீ படத்தைப் பற்றித் தொடங்கினாய், பிறகு வைத்துவிட்டாய். மெஸேஜில் எழுதுகிற விஷயமும் இல்லை, நிஃப்லாவிடம் சொல்லி அனுப்புகிற விஷயமும் இல்லை.

பறவை எண்ணி முடிந்து எல்லாரும் சோற்றுப் பார்சலைப் பிரித்துக்கொண்டிருந்தபோது நூர்தீன் சாச்சா கொட்டிலுக்கு வெளியே வந்து தூரமாக நின்றார். வாப்பாவின் ஜனாஸாவுக்குப் பிறகு அவர் என்னைக் காண்பது அன்றுதான். இத்தாவில் இருக்கும் வீட்டுக்குள் அந்நிய ஆம்பிளை வர முடியாதே. நான்கு மாதமும் கேற்றடியில் நின்று நிஃப்லாவின் கையில் மீனைக் கொடுத்துவிட்டு அப்படியே போய்விடுவார். அன்றைக்கு, பரீனாவும் பக்கத்தில் நிற்க, நிலத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

"மதினி, ஒங்கட இத்தா முடியட்டும் எண்டுதான் இவ்வளவு நாளும் காத்திருந்தன். மையவாடில எல்லாரும் மூணு புடி மண் போட்டாங்க. நான் ஆறு புடி போட்டன். மூணு என்ட பங்கு. மத்த மூணும் ஹிஸ்புல்லாட பங்கு. நெஞ்சு நோவு வந்த நாள்லயே நெய்னார் நானா வள்ளத்துல வெச்சி எனக்கிட்ட சொன்னாரு, 'நான் மௌத்தானா மகன் வந்து சேர மாட்டான், அவன்ட மண்ண நீ போடு. அவன் வெளிநாடு போனதுக்கு நான் சண்ட புடிச்சன்தான், ஆனா அவன்மேல எனக்கு ஒண்டுமில்ல எண்டு சொல்லு' எண்டு. ஹிஸ்புல்லா பின் நெய்னார் எண்டு பேரச் சொல்லித்தான் போட்டன். இத போன்ல சொல்ற கதையா மதினி? நீங்கதான் சொல்லணும்."

இவ்வளவும் சொல்லிவிட்டு அவர் வள்ளத்தடிக்குப் போய்விட்டார். நான் அன்றைக்கு அங்கே போகாமல் இருந்திருந்தால் இதை எப்போது கேட்டிருப்பேன் என்று தெரியாது. சாச்சா நம்முடைய வாசலுக்கு வந்து தானாகக் கதைக்கிற ஆள் இல்லை.

நீ கட்டுநாயக்கா எயார்போட்டுக்குப் போன அன்று, உன்னை ஏற்றிய வானில் வாப்பா ஏறாமல் வீட்டிலேயே நின்றுவிட்டார். அதற்குப் பிறகு போனில் நல்லமா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு என் கையில் தந்துவிடுவார். நீ அதைக் கோபம் என்று இரண்டு வருடமாகச் சுமக்கிறாய் என்று எனக்குத் தெரியும். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். நாம் இரண்டு பேரும் பிழையாக நினைத்திருக்கிறோம்.

மகன், றப்பு உன்னை ஸலாமத்தாக வைக்கட்டும். உன் கைகளில் பறக்கத்தைத் தரட்டும். கட்டாரில் இருந்தாலும் உன் கை மண் மூன்று பிடி உன் வாப்பாவின் மேல் கிடக்கிறது, நீ கேட்காமலே அவர் அதை உனக்காகக் கேட்டு வாங்கியிருக்கிறார். வாசித்து முடித்ததும் நீ எங்காவது தனியாகப் போய் அழு. நான் வள்ளத்தடியில் அழுதது போல அழு, நல்லது. அழுது முடிந்த பிறகு எந்த நேரமாக இருந்தாலும் எனக்கு ஒரு கோல் எடு. ஒன்றும் கதைக்க வராவிட்டாலும் பரவாயில்லை. வைக்காமல் இரு.

உன் உம்மா,
முனவ்வரா